பரிசேயர் யார்? – நம் விசுவாசத்தின் வேர்களைப் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

பங்குத் தந்தை



"அவன் சரியான பரிசேயன்!" என்று நம்மிடையே ஒருவர் இன்னொருவரை ஏசினால் அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுபவன், கோயிலில் முன்வரிசையில் நின்றுகொண்டு வெளியே வந்ததும் அடுத்த வீட்டானைத் தூற்றுபவன் என்று உடனே புரிந்துகொள்கிறோம். மறையுரைகளிலும் இச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. தவக்காலத்தில் நம் ஊர்களில் நடைபெறும் பாஸ்கா நாடகங்களில் நீண்ட தாடியும் உருட்டும் விழியுமாகப் பரிசேயர் மேடை ஏறியதும் சிறுபிள்ளைகள்கூட முகம் சுளிக்கிறார்கள்.

நாம் இவ்வாண்டு யூபிலி கொண்டாடுகிறோம். யூபிலி என்ற வழக்கத்தை நமக்குத் தந்தவர்கள் யார்? இஸ்ராயேல் மக்களே. ஐம்பதாம் ஆண்டு வந்ததும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதி, அடிமைப்பட்டவனுக்கு விடுதலையும், விற்கப்பட்ட நிலத்தை உரிய குடும்பத்திற்கும் அளிக்க வேண்டும் என்று லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. விழாவின் பெயரையே எந்த மக்களிடமிருந்து பெற்றோமோ, அம்மக்களுள் ஒரு சாராரின் பெயரை நாம் வசைச்சொல்லாக வழங்கி வருகிறோம். இது முறைதானா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

தோற்றம்

கி.மு. 167ஆம் ஆண்டில் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு எப்பிபானே என்ற கிரேக்க மன்னன் யெருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். விருத்தசேதனம் செய்வதையும் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதையும் தடைசெய்தான். மக்கபே குடும்பத்தார் அவனை எதிர்த்துப் போராடி, கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தினார்கள். நம் விவிலியத்திலுள்ள மக்கபே ஆகமங்கள் இவ்வரலாற்றைக் கூறுகின்றன.

போராட்டம் வெற்றி பெற்றது; ஆனால் வென்றவர்களே நாளடைவில் அரசர்களாகவும் தலைமைக் குருக்களாகவும் அமர்ந்து, தாங்கள் எதிர்த்த கிரேக்க மன்னர்களைப் போலவே ஆளத் தொடங்கினார்கள். இக்காலத்தில்தான் பரிசேயர் என்ற பெயர் முதன்முதலாக வரலாற்றில் தென்படுகிறது. 'பிரிந்து நிற்பவர்' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. பிற இனத்தாரின் ஒழுக்கக்கேட்டிலிருந்தும் தீட்டிலிருந்தும் விலகி, திருச்சட்டத்தின்படி வாழத் தீர்மானித்தவர்கள் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

இவர்கள் எப்போதும் அரண்மனைக்கு வேண்டியவர்களாய் இருந்ததில்லை. கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட அலெக்சாந்தர் யன்னேயு என்ற யூத மன்னன், தன்னை எதிர்த்த 800 பேரைச் சிலுவையில் அறைந்து, அவர்கள் கண்முன்னேயே அவர்களுடைய மனைவி மக்களையும் கொன்றான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். அப்படி மாண்டவர்களுள் பரிசேயர் பலர் இருந்தனர் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பரிசேயரும் சிலுவையைச் சுமந்தார்கள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அம்மன்னனுக்குப் பின் அவன் மனைவி சலோமே அலெக்சாந்திரா கி.மு. 67 வரை ஆண்டபோதுதான் இவர்களுக்கு நாட்டில் செல்வாக்கு உண்டாயிற்று.

அவர்கள் நம்பியவை

ஆண்டவர் காலத்தில் யூத சமயத்தில் பல பிரிவினர் இருந்தனர். சதுசேயர் பெரும்பாலும் தலைமைக் குருக்களின் குடும்பங்களையும் செல்வர்களையும் சார்ந்தவர்கள். எழுதப்பட்ட திருச்சட்டம் ஒன்றே போதும் என்றவர்கள்; இறந்தோர் உயிர்த்தெழுவர் என்பதை மறுத்தவர்கள். எஸ்ஸேனியர் துறவிகளைப் போலக் கட்டுப்பாடான குழுக்களாக வாழ்ந்தவர்கள். 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஏட்டுச்சுருள்கள் இவர்களைச் சார்ந்தவை என்பது பலருடைய முடிபு.

பரிசேயர் மக்களிடையே வாழ்ந்தவர்கள். ஏரோது மன்னன் காலத்தில் இவர்களுடைய தொகை 6,000க்குச் சற்று மிகுதி என்று யோசேப்பு கூறுகிறார். தொகை சிறிதாயினும் பொதுமக்கள் இவர்கள் சொல்லுக்கே செவிசாய்த்தார்கள் என்றும் அவரே எழுதுகிறார். இவர்களுள் குருக்கள் சிலர் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் இன்றைய சொல்லில் கூறுவதானால் பொதுநிலையினரே.

இறந்தோர் உயிர்த்தெழுவர், இறைவன் நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஏற்ற பலன் அளிப்பார், வானதூதர் உளர், அனைத்தும் இறைவன் கையில் இருந்தபோதிலும் மனிதனுக்கு நன்மை தீமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு - இவை பரிசேயரின் கொள்கைகள். அன்பர்களே, ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாச அறிக்கையில் மரித்தோரின் உயிர்ப்பை நம்புகிறோம் என்கிறோமே, சதுசேயரும் பரிசேயரும் நம்முன் நின்றால், அந்தச் சொற்களுக்கு 'ஆமென்' சொல்லக்கூடியவர் பரிசேயர்தாம்.

எழுதப்பட்ட சட்டத்தோடு முன்னோர் வாய்மொழியாக விட்டுச்சென்ற மரபையும் அவர்கள் போற்றினார்கள். காலம் மாறும்போது சட்டத்தை எவ்வாறு வாழ்ந்து காட்டுவது என்பதற்கு அந்த மரபு வழிகாட்டியது. ஆலயத்தில் குருக்கள் கடைப்பிடித்த தூய்மையைச் சாதாரணக் குடியானவன் தன் வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியிலும் கடைப்பிடிக்கலாம் என்பது அவர்களுடைய நோக்கம் என்று பல அறிஞர் கூறுவர். அவர்கள் கைகழுவியதையும் பாத்திரம் விளக்கியதையும் இந்த நோக்கில் காணவேண்டும். கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்தன என்று அருளப்பர் எழுதுகிறாரே, அது எதற்காக? மண்பாண்டம் தீட்டுப்படும், கற்பாண்டம் தீட்டுப்படாது என்பது யூதர்களின் முறை. அத்தகைய கற்பாண்டங்கள் யெருசலேமிலும் கலிலேயாவிலும் அகழ்வாராய்ச்சிகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வீடுதோறும் தூய்மையைத் தேடிய ஒரு மக்களினத்தை அவை நமக்குக் காட்டுகின்றன.

ஏழையும் சட்டமும்

வாய்மொழி மரபு எவ்வாறு வேலை செய்தது என்பதற்கு யூபிலியோடு தொடர்புடைய ஒரு சான்று தருகிறேன். ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களையெல்லாம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது மோயீசனின் சட்டம். ஏழையைக் காக்கவே அது ஏற்பட்டது. நாளடைவில் நடந்ததோ வேறு. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்க, கொடுத்த பணம் திரும்பாது என்று அஞ்சிப் பணக்காரர்கள் கையை மூடிக்கொண்டார்கள். விதைநெல்லுக்கும் வழியின்றி ஏழை தவித்தான். அவனைக் காக்க வந்த சட்டமே அவன் கழுத்தை நெரித்தது.

ஏரோது மன்னன் காலத்தில் வாழ்ந்த இல்லேல் என்ற பேராசிரியர் இதைக் கண்டார். கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் அது ஏழாம் ஆண்டில் தள்ளுபடியாகாது என்று ஓர் ஏற்பாட்டை அவர் செய்ததாக யூத மரபு கூறுகிறது. கடன் கொடுப்பவனுக்கு அச்சம் நீங்கியது. ஏழைக்குக் கதவு திறந்தது. சட்டத்தின் எழுத்தைவிட அதன் நோக்கத்தைத் தேடிய மனம் இது. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்று நம் ஆண்டவர் கற்பித்ததை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

ஆண்டவரும் பரிசேயரும்

அப்படியானால் இயேசு அவர்களை ஏன் அவ்வளவு கடுமையாகச் சாடினார்? மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தை நாம் மறைக்கவும் கூடாது, மழுப்பவும் கூடாது. பொருளாசை, வீண்பெருமை, முதலிடம் தேடுதல், பிறர்மேல் சுமையை ஏற்றிவிட்டுத் தான் விரலால்கூடத் தொடாதிருத்தல் - இவற்றை ஆண்டவர் நெருப்புச் சொற்களால் கண்டித்தார். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், அவர்கள் மோயீசனின் இருக்கையில் அமர்ந்திருப்பதால் அவர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள் என்றும் கூறுகிறார். புதினாவிலும் சோம்பிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கு கொடுத்ததை அவர் தவறென்று சொல்லவில்லை; நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டதே தவறு, இதையும் செய்து அதையும் விடாதிருக்க வேண்டும் என்றார்.

அவர்களோடு அவர் வாதிட்டார். அவர்களோடு பந்தியிலும் அமர்ந்தார். பரிசேயர் வீட்டில் ஆண்டவர் உணவருந்தியதை லூக்காஸ் மூன்று இடங்களில் குறிப்பிடுகிறார் (அதி. 7, 11, 14). ஏரோது உம்மைக் கொல்லத் தேடுகிறான், இங்கிருந்து போய்விடும் என்று வந்து எச்சரித்தவர்களும் பரிசேயரே (லூக். 13:31).

அவர்களுக்குள்ளும் கருத்து வேற்றுமை இருந்தது. இல்லேல், சம்மாய் என்ற இரு ஆசிரியர்களைப் பின்பற்றி இரு பள்ளிகள் இருந்தன. மனைவி கற்புநெறி தவறினாலன்றி அவளை விலக்கக்கூடாது என்றது சம்மாய் பள்ளி. சமையலைக் கெடுத்தாலும் விலக்கலாம் என்று சட்டத்துக்குப் பொருள் சொன்னது இல்லேல் பள்ளி. எக்காரணத்திற்காகவும் மனைவியை விலக்கலாமா என்று பரிசேயர் ஆண்டவரைக் கேட்டது இந்த வழக்கின் நடுவில்தான். அவர் படைப்பின் தொடக்கத்தையே சுட்டிக்காட்டி, இருவரையும்விட உறுதியாகத் திருமணத்தின் பிணைப்பைக் காத்தார். அதேபோல் ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கமாட்டீர்களா என்று அவர் கேட்டபோது, கேட்டவர்கள் தூக்குவார்கள் என்பதை எடுத்துக்கொண்டே பேசினார். கும்ரானில் கிடைத்த ஏடுகளிலோ அதற்கும் தடை இருக்கிறது. ஆக, அவர் வாதம் புரியத் தேர்ந்துகொண்டவர்கள் அவருக்கு அருகில் நின்றவர்களே. ஒரே வீட்டுச் சகோதரர்களுக்கிடையேதான் வாக்குவாதம் சூடு பிடிக்கும்; இது நாம் வீட்டில் காண்பதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்கு, லூக்காஸ் நற்செய்திகளில் ஆண்டவரைப் பிடித்து, விசாரித்து, பிலாத்துவிடம் ஒப்படைக்கும் பகுதியில் பரிசேயர் என்ற பெயரே வருவதில்லை. மத்தேயுவில் கல்லறைக்குக் காவல் கேட்கும் இடத்திலும், அருளப்பரில் கெத்சமெனித் தோட்டத்துக்குச் சேவகரை அனுப்பும் இடத்திலும் மட்டுமே வருகிறது. முன்னின்றவர்கள் தலைமைக் குருக்கள். தீர்ப்பளித்தவன் உரோமை ஆளுநன். பாஸ்கா நாடகம் எழுதுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

தொடக்கத் திருச்சபையில்

இரவில் ஆண்டவரைத் தேடி வந்த நிக்கொதேமு பரிசேயர். சீடர்கள் சிதறியோடியபின் வெள்ளைப்போளமும் அகிலும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்து, ஆண்டவரின் திருவுடலை அடக்கம் செய்ய உதவியவரும் அவரே. அப்போஸ்தலரைக் கொல்லச் சங்கம் துடித்தபோது, இவர்களை விட்டுவிடுங்கள், இது இறைவனால் ஆனதாயின் உங்களால் ஒழிக்க முடியாது என்று தடுத்த கமாலியேல் பரிசேயர். அவருடைய காலடியில் அமர்ந்து கல்வி கற்றவர் புனித சின்னப்பர் (பவுல்). மனந்திரும்பிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் சங்கத்தின் முன் நின்று, நான் பரிசேயன், பரிசேயரின் மகன் என்று நிகழ்காலத்தில் அறிக்கையிட்டார் (அப். பணி 23). உயிர்த்தெழுதலைப் பற்றிய நம்பிக்கைக்காகவே விசாரிக்கப்படுகிறேன் என்று அவர் சொன்னதும், பரிசேயப் பிரிவின் மறைநூல் அறிஞர் சிலர் எழுந்து இவரிடம் குற்றமில்லை என்றனர். யெருசலேம் சங்கத்தைப் பற்றிய அதிகாரத்தில் பரிசேயராயிருந்து விசுவாசிகளானவர்களையும் லூக்காஸ் குறிப்பிடுகிறார் (அப். பணி 15:5).

விவிலியத்திற்கு வெளியேயும் ஒரு சான்று உண்டு. கி.பி. 62இல் அன்னா என்ற தலைமைக் குரு, ஆண்டவரின் சகோதரர் எனப்பட்ட புனித யாகப்பரைக் கல்லால் எறிந்து கொல்லச் செய்தார். இந்த அன்னா சதுசேயர் என்று யோசேப்பு எழுதுகிறார். நகரில் சட்டத்தைக் கடைப்பிடிப்பதில் கண்டிப்பானவர்கள் இந்த அநீதியைப் பொறுக்காமல் முறையிட்டனர். அன்னா மூன்று மாதத்தில் பதவியிழந்தார். முறையிட்டவர்கள் பரிசேயரே என்பது அறிஞர் பலரின் கருத்து. யெருசலேம் திருச்சபையின் தலைவருக்காக நீதி கேட்டவர்கள் அவர்கள்!

ஆலயம் அழிந்தபின்

கி.பி. 70இல் தீத்து தலைமையில் உரோமைப் படை யெருசலேமை வீழ்த்தி ஆலயத்தைத் தீக்கிரையாக்கியது. பலி நின்றது. சதுசேயரின் வலிமை ஆலயத்தோடு மறைந்தது. கும்ரான் குடியிருப்பும் அப்போரில் அழிந்தது. இரண்டு கூட்டத்தார் நிலைத்து நின்றார்கள்: ஒன்று பரிசேய மரபு, மற்றொன்று திருச்சபை.

யோகனான் பென் சக்காய் என்ற முதிய ஆசிரியரைச் சீடர்கள் சவப்பெட்டியில் கிடத்தி, முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து வெளியே கொண்டுபோனார்கள் என்றும், அவர் யாவ்னே என்ற ஊரில் கல்விக்கூடம் நடத்த அனுமதி பெற்றார் என்றும் யூத மரபு சொல்கிறது. இடிந்து கிடந்த ஆலயத்தைக் கண்டு அவருடைய சீடர், நம் பாவங்களுக்குப் பரிகாரம் செய்யும் இடம் பாழாயிற்றே என்று அழுதார். கலங்காதே மகனே, அதற்கு இணையான பரிகாரம் நமக்கு உண்டு, அதுவே அன்புச் செயல் என்று கூறி, பலியைவிட இரக்கத்தையே இறைவன் விரும்புகிறார் என்ற ஓசே இறைவாக்கினரின் வாக்கை அவர் எடுத்துக்காட்டினாராம். மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் இருமுறை எடுத்தாளும் இறைவாக்கும் இதுவே (9:13, 12:7). பாழடைந்த ஆலயத்தின் முன் நின்ற இரு குடும்பத்தாரும் ஒரே வசனத்தில் ஆறுதல் கண்டார்கள்.

பரிசேயரின் வழிவந்த ஆசிரியர்களே 'ரபி' எனப்பட்டவர்கள். அவர்கள் வழங்கிய வாய்மொழி மரபு ஏறக்குறைய கி.பி. 200இல் யூதா என்ற ரபியால் 'மிஷ்னா' என்ற நூலாகத் தொகுக்கப்பட்டது. அதன் விரிவுரையே 'தல்மூத்'. நாடின்றி, ஆலயமின்றி, அரசின்றி யூத மக்கள் இரண்டாயிரம் ஆண்டு விசுவாசத்தைக் காத்ததற்கு இந்த அடித்தளமே காரணம். அந்தத் தல்மூத்திலேயே ஏழு வகைப் பரிசேயரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஊர் பார்க்க நற்செயல் செய்பவன், பெண்ணைப் பார்க்காதிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் மோதி இரத்தம் வடிப்பவன் என்றெல்லாம் போலிகளை அது எள்ளி நகையாடுகிறது. வெளிவேடத்தை அவர்களே கண்டித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆலயம் அழிந்த அந்த ஆண்டுகளில்தான் நற்செய்திகள் பெரும்பாலும் எழுத்து வடிவம் பெற்றன. எஞ்சி நின்ற இரு கூட்டத்தாரும், இஸ்ராயேலின் வாக்குறுதிகளுக்கு உரியவர் யார் என்று ஒருவரோடொருவர் வாதிட்டார்கள். அந்தப் பிரிவின் வலியும் சூடும் நற்செய்தியின் சில பக்கங்களில் பதிந்துள்ளன என்று இன்றைய விவிலிய அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

எவ்வளவு நெருங்கியிருந்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பக்தியுள்ள யூதர் திங்களும் வியாழனும் நோன்பிருப்பது வழக்கம். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது எனக் கருதப்படும் 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற சிறு நூல், நீங்கள் அந்நாட்களில் நோன்பிராமல் புதனும் வெள்ளியும் நோன்பிருங்கள் என்று கிறிஸ்தவர்களுக்குச் சொல்கிறது. நாளை மாற்றினார்கள், வாரம் இருமுறை நோன்பு என்பதை மாற்றவில்லை. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாமிசம் தவிர்க்கும்போது அந்தப் பழைய உறவின் நிழலும் நம்மோடு இருக்கிறது. திருப்பலியில் மறைநூலை வாசித்து, சங்கீதம் பாடி, விளக்கவுரை கேட்கும் முறையும், 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' என்ற சொற்களும் யூத வழிபாட்டிலிருந்து வந்த சொத்துக்களே.

திருச்சபையின் போதனை

இவ்வுறவை மறந்ததால் விளைந்த கேடு பெரிது. 'பரிசேயன்' என்ற சொல்லும் 'யூதன்' என்ற சொல்லும் ஐரோப்பாவில் ஒன்றாகிப் பகையை வளர்த்தன. 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் அவர்களைத் துரத்தின. இரண்டாம் உலகப் போரின்போது நாசிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அக்கொடுமை கிறிஸ்தவம் தழைத்த நாடுகளின் நடுவிலேயே நிகழ்ந்தது என்பதை நாம் தலைகுனிந்துதான் கேட்க வேண்டும்.

திருச்சபை விழித்துக்கொண்டது. 1959இல் இருபத்து மூன்றாம் அருளப்பர், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்திருந்த இழிவான இலத்தீன் சொல்லை நீக்கினார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது என்று அறிவித்தது. 1985இல் மறைக்கல்விக்கென வத்திக்கான் வெளியிட்ட குறிப்புகள், இயேசு மற்ற பிரிவினரைவிடப் பரிசேயருக்கே நெருங்கியவர் என்பதை எடுத்துரைத்தன. 2019 மே மாதம் உரோமையிலுள்ள பாப்பிறை விவிலிய நிறுவனம், இயேசுவையும் பரிசேயரையும் பற்றி ஆராய யூத, கிறிஸ்தவ அறிஞர்களைக் கூட்டியது. அவர்களைச் சந்தித்த அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ், பரிசேயரைப் பற்றிய தவறான சித்திரங்களைக் களைய வேண்டும் என்று வலியுறுத்தினார்.

நமக்கு என்ன?

ஆகவே மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், பாஸ்கா நாடகக் குழுவினருக்கும், மறையுரையாற்றும் எங்களைப் போன்ற குருக்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஒரு முழு மக்கட்பிரிவை வெளிவேடக்காரர் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளைக்கு மாறானது. சாதிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் வசையாக்கும் வழக்கம் எவ்வளவு புண்படுத்தும் என்பதை அனுபவித்து அறிந்த மக்கள் நாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பரிசேயனும் ஆயக்காரனும் செபிக்கச் சென்ற உவமையை வாசித்துவிட்டு, 'நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல் இல்லை' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினால், அந்தப் பரிசேயனின் செபத்தையே நாமும் சொல்லியவர்கள் ஆகிறோம்! ஆண்டவரின் கண்டனம் இறந்துபோன ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரியதன்று. விழா மேடையில் முதல் நாற்காலி யாருக்கு, கல்வெட்டில் யார் பெயர் மேலே, தேருக்கு முன்னே யார் குடும்பம் என்று நாம் வழக்காடும்போதெல்லாம் அது நம்மை நோக்கியே ஒலிக்கிறது.

கொம்பூதிக் கடனை மன்னித்து, நிலத்தைத் திரும்பக் கொடுத்து, பிரிந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் ஆண்டே யூபிலி. நாம் இஸ்ராயேலுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. அதை நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். நம்மிடம் பட்டிருப்பவரின் சிறு கடனை மன்னிப்போம். வீட்டுப் பந்தியையும் பலிபீடத்தைப் போல் தூயதாக்க விரும்பிய அந்த முன்னோரின் ஆவலை, பகைத்தவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து நிறைவேற்றுவோம். இந்த யூபிலி அருளை இறைவன் நம் பங்குக் குடும்பங்கள் அனைத்திற்கும் நிறைவாய்ப் பொழிவாராக.